மத நிறுவனங்களுக்கு வரிச்சலுகை: ஆட்சியாளரின் தயவா, சட்டத்தின் ஒழுங்கா?

2022 ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதத்தாலும் உயர்த்தப்பட்டபோது, வழிபாட்டிடங்களிலிருந்து எழுந்த குரலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயர்ந்த கட்டணத்தைச் செலுத்தமாட்டோம் என்று பிக்குமார் சிலர் பகிரங்கமாக அறிவித்தனர். மதத் தலைவர்கள் சலுகைக் கட்டணம் கோரினர். அதே நாட்களில் ஒற்றை மின்குமிழுடன் வாழும் குடும்பங்களும் தமது மின்பட்டியலைப் பார்த்துத் திகைத்து நின்றன. வழிபாட்டிடத்துக்கு அளிக்கப்படும் சலுகையின் செலவை இறுதியில் யாரோ ஒருவர் ஏற்கத்தான் வேண்டும் என்ற உண்மை அன்று வெளிப்படையாகத் தெரிந்தது. அந்த விவாதம் ஓரிரு மாதங்களில் அடங்கிப்போயிற்று. ஆனால் அது எழுப்பிய வினாவுக்கு இன்றுவரை உரிய விடை காணப்படவில்லை.

மத நிறுவனங்களுக்கு வரிவிலக்கும் விசேட சட்டச் சலுகைகளும் அளிக்கப்பட வேண்டுமா? அளிப்பதாயின் எந்த அடிப்படையில், எவ்வாறான நிபந்தனைகளுடன்? நமது நாட்டில் இவ்வினாவை எழுப்புவோரை மதவிரோதிகள் என்று கருதும் போக்கு உண்டு. மறுபுறத்தில், பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் விகாரையும் ஏன் வரி செலுத்தலாகாது என்று கேட்கும் இளந்தலைமுறையொன்றும் உருவாகியுள்ளது. இரு தரப்பினரும் அறிந்திருக்க வேண்டிய சில அடிப்படை விடயங்களை இங்கு எடுத்து நோக்குவோம்.

இறையிலி என்ற பழஞ்சொல்

அறநிலையங்களுக்கு வரிவிலக்களிப்பது மேலைநாட்டாரிடமிருந்து நாம் கற்றுக்கொண்டதன்று. 'இறையிலி' என்ற சொல்லே அதற்குச் சான்று. கோயிலுக்கு விடப்பட்ட நிலம் தேவதானம் என்றும், பௌத்த, சமணப் பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலம் பள்ளிச்சந்தம் என்றும் சோழர் காலச் சாசனங்களில் குறிக்கப்பட்டன. நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைச் சைவனான முதலாம் இராஜராஜன் பள்ளிச்சந்தமாக வழங்கியமையை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அதே காலத்துச் சாசனங்கள் வேறொன்றையும் கூறுகின்றன. கோயிற் கணக்குகள் அரச அதிகாரிகளால் ஆராயப்பட்டன. விளக்கெரிக்கவும் அமுது படைக்கவும் விடப்பட்ட பொருளை வேறு வழியிற் செலவிட்டவர்கள் தண்டிக்கப்பட்டனர். சலுகையும் கணக்குக் கேட்டலும் அன்று இணைந்தே இருந்தன.

ஆயினும் அரசனின் விருப்பத்தில் தங்கியிருந்த சலுகை, அரசனின் மனம் மாறியபோது இடம் மாறவும் செய்தது. 1557இல் ஞானஸ்நானம் பெற்ற கோட்டை மன்னன் தர்மபாலன், அதுவரை விகாரைகளும் தேவாலயங்களும் அனுபவித்துவந்த நிலங்களைப் பிரான்சிஸ்கன் துறவிகளுக்கு வழங்கினான். ஒரு மதத்துக்குக் கிடைத்த கொடை, மற்றொரு மதத்தின் இழப்பாக முடிந்தது. வரலாற்றின் இந்தப் பாடத்தைச் சிறுபான்மைச் சமூகங்கள் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டும்.

பிரித்தானியரும் இதே சிக்கலை எதிர்கொண்டனர். 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கையில் பௌத்த மதத்தைப் பாதுகாப்பதாக உறுதியளித்த அவர்கள், ஊவாக் கிளர்ச்சியை அடக்கிய பின்னர், 1818 நவம்பர் 21ஆந் திகதிய பிரகடனத்தின் மூலம் கண்டிப் பிரதேசத்தின் கோயில் நிலங்களுக்கு வரிவிலக்கு அளித்தனர். நிலம் கோயிலுக்குரியது என்று காட்டினால் தானிய வரி இல்லை என்ற நிலையில், எது கோயில் நிலம், எது தனியார் நிலம் என்ற பிணக்குத் தவிர்க்க முடியாததாயிற்று. அதனைத் தீர்ப்பதற்காகவே 1856இல் கோயில் நிலங்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டமொன்று கொண்டுவரப்பட்டு, ஆணையாளர்கள் ஊரூராகச் சென்று விசாரிக்க நேர்ந்தது. வரிவிலக்கு ஓரிடத்தில் அளிக்கப்பட்டால், அதற்குள் அடைக்கலம் தேடத் தகுதியற்றவையும் வந்து சேரும். ஆகவே எல்லையும் பதிவும் கண்காணிப்பும் அவசியமாகின்றன.

இன்றைய சட்டம் கூறுவது என்ன?

இலங்கையில் வருமான வரி 1932இல் அறிமுகமானது. அறநிலையங்களை அது நோக்கிய விதம் ஆங்கிலச் சட்டத்தைப் பின்பற்றியது. 1601ஆம் ஆண்டின் ஆங்கில அறக்கொடைச் சட்டத்தையும், 1891இல் பிரபுக்கள் சபை பெம்செல் வழக்கில் அளித்த தீர்ப்பையும் அதன் ஊற்றுக்கண்களாகக் குறிப்பிடலாம். வறியோருக்கு உதவுதல், கல்வியை வளர்த்தல், மதத்தை வளர்த்தல், சமூகத்துக்கு நன்மை பயக்கும் ஏனைய பணிகள் என அறக்கொடையை நான்காக வகுத்தது அத்தீர்ப்பு. 2006ஆம் ஆண்டின் உள்நாட்டு இறைவரிச் சட்டமும், மதத்தை வளர்ப்பதையும் மதக் கிரியைகளைப் பேணுவதையும் பொது வழிபாட்டிடங்களை நிர்வகிப்பதையும் அறக்கொடை நோக்கங்களாக ஏற்றுக்கொண்டது.

மத நிறுவனங்கள் எவ்வித வரியும் செலுத்துவதில்லை என்ற பொதுவான எண்ணம் முழுமையான உண்மையன்று. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டம் அறக்கொடை நிறுவனங்களின் வருமானத்துக்கு 14 சதவீதம் என்ற குறைந்த வரிவீதத்தை நிர்ணயித்தது. சாதாரண கம்பனிகளுக்கு அப்போதிருந்த வீதம் 28 சதவீதமாகும். நன்கொடையாளருக்கு அளிக்கப்பட்ட நிவாரணம் இன்னும் குறுகியது. நோயாளரையும் ஆதரவற்றோரையும் இல்லங்களில் வைத்துப் பராமரிக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களுக்கு நன்கொடை வழங்கும் தனிநபர், 75,000 ரூபா அல்லது வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு என்பவற்றுள் குறைந்த தொகையையே கழிக்கலாம் என்று அச்சட்டம் விதித்தது. கோபுரத் திருப்பணிக்கோ பள்ளிவாசல் கட்டடத்துக்கோ வழங்கும் பணத்துக்கு இந்நிவாரணம் உரியதன்று. வழிபாட்டையும் பொதுப்பணியையும் பிரித்து நோக்கும் முறையைச் சட்டம் ஏற்கனவே ஓரளவு கைக்கொண்டுள்ளது என்பதை இது காட்டுகின்றது.

2019 நவம்பரில் பதவியேற்ற அரசாங்கம் அறிவித்த பாரிய வரிக்குறைப்புகளுள், மத நிறுவனங்கள் மீதான வரியை நீக்குவதும் ஒன்றாகும். பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டதும் அப்போதுதான். மதத்துறைக்குப் பொறுப்பான அமைச்சில் பதிவு செய்யப்பட்ட மத நிறுவனங்கள் கொடையாகவும் நன்கொடையாகவும் பெறும் பணத்துக்கு 2021ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் விலக்களித்தது. இவ்விடத்தில் 'அமைச்சில் பதிவு செய்யப்பட்ட' என்ற சொற்களை வாசகர்கள் கவனிக்க வேண்டும். சலுகையின் வாசலில் ஓர் அமைச்சு அமர்ந்திருக்கின்றது. அதன் முக்கியத்துவத்தைப் பின்னர் நோக்குவோம்.

வருமான வரிக்கு அப்பாலும் சலுகைகள் உள்ளன. வழிபாட்டுக்கெனப் பயன்படும் கட்டடங்களுக்குச் சோலைவரி விதிக்கப்படுவதில்லை. மின்கட்டணத்தில் மதத் தலங்களுக்கெனத் தனிப்பிரிவு உண்டு. நோன்பு காலத்தில் நன்கொடையாக வரும் பேரீச்சம்பழத்துக்கு இறக்குமதித் தீர்வை தளர்த்தப்பட்ட சந்தர்ப்பங்கள் உள்ளன. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியொருவர் வைத்திருக்கக்கூடிய காணிக்கு 50 ஏக்கர் என உச்சவரம்பு விதித்தபோது, விகாரை, தேவாலய நிலங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. பெரும் தனியார் தோட்டங்கள் கைமாறிய அந்நாட்களில் கோயில் நிலங்கள் கைமாறாமல் நின்றதற்குக் காரணம் இதுவே.

சட்டச் சலுகைகளும் கண்காணிப்பும்

வரி சாராத சலுகைகளுள் முக்கியமானது சொத்துப் பாதுகாப்பாகும். ஒருவருடைய காணியை இன்னொருவர் பத்து ஆண்டுகள் தனதெனத் தடையின்றி ஆண்டுவந்தால், அவர் அதற்கு உரித்துக் கோரலாம் என்பது இந்நாட்டின் பொதுச்சட்டம். ஆனால் விகாரைக் காணியை மீட்கும் வழக்குக்கு இக்காலவரையறை தடையாகாது என்று 1931ஆம் ஆண்டின் பௌத்த ஆதனங்கள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமும் அறக்கொடைச் சொத்துகளுக்கு இத்தகைய பாதுகாப்பை வழங்குகின்றது. வாயில்லாத சொத்துக்கு அளிக்கப்பட்ட இப்பாதுகாப்பு நியாயமானதே. போர்க்காலத்தில் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் பற்றைபடர்ந்து கிடந்த கோயிற் காணிகளையும் பள்ளிவாசற் காணிகளையும் எண்ணிப் பார்ப்போருக்கு இதன் அவசியம் நன்கு விளங்கும்.

கண்காணிப்பு முறைகளில்தான் வேறுபாடு தெரிகின்றது. பௌத்த விகாரைகளுக்குத் தனிச் சட்டமும் பௌத்த விவகார ஆணையாளர் நாயகமும் உள்ளனர். பள்ளிவாசல்களுக்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் உண்டு. பள்ளிவாசல்கள் பதிவு செய்யப்பட வேண்டும், நம்பிக்கையாளர்களை வக்பு சபை நியமிக்க வேண்டும், கணக்குகள் சமர்ப்பிக்கப்பட வேண்டும், பிணக்குகளை வக்பு நியாய சபை விசாரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இந்து ஆலயங்களுக்கு அத்தகைய தனிச்சட்டம் இல்லை. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஆலயத்தில் அக்கறையுடைய ஐவர் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். இதனால் சாதாரண நிர்வாகக் குறையொன்றும் ஆண்டுக்கணக்கான வழக்காக நீள்கின்றது. திருவிழா நின்றுபோன ஆலயங்களும், கணக்கு எவரிடம் உள்ளதென்றே அறியாத அடியார்களும் வடக்கிலும் கிழக்கிலும் புதினமல்லர்.

மற்றுமொரு சலுகை கூட்டிணைப்பாகும். பாராளுமன்றத்தில் நிறைவேற்றப்படும் சட்டமொன்றின் மூலம் ஓர் அமைப்புச் சட்ட ஆளுமை பெறுகின்றது. அது தன் பெயரில் சொத்து வைத்திருக்கலாம், வழக்கிடலாம், நிர்வாகிகள் மாறினாலும் மறைந்தாலும் நிறுவனம் தொடரும். அகில இலங்கை பௌத்த காங்கிரஸ், இராமகிருஷ்ண மிஷனின் இலங்கைக் கிளை போன்றவை இவ்வாறு கூட்டிணைக்கப்பட்டவையே. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2000ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது.

ஆனால் 2003இல், திருச்சிலுவைப் போதனைச் சகோதரிகள் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலம் உயர் நீதிமன்றத்தில் சவாலுக்கு உட்படுத்தப்பட்டபோது, அது அரசியலமைப்புடன் முரண்படுகின்றது என்று நீதிமன்றம் தீர்மானித்தது. மதத்தைப் பரப்புவதையும் பொருளுதவி வழங்குவதையும் ஒருங்கே நோக்கமாகக் கொண்டிருப்பது 10ஆம் உறுப்புரை அளிக்கும் மதச்சுதந்திரத்தைப் பாதிக்கும் என்பதும், பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் வழங்கும் 9ஆம் உறுப்புரைக்கு ஒவ்வாதது என்பதும் காரணங்களாகக் கூறப்பட்டன. இதற்கு முன்னர் வேறு இரு கிறிஸ்தவ அமைப்புகளின் சட்டமூலங்களுக்கும் இதே கதி நேர்ந்திருந்தது. அச்சகோதரிகள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவை நாடினர். இதையொத்த நோக்கங்களைக் கொண்ட ஏனைய அமைப்புகள் கூட்டிணைக்கப்பட்டிருக்க, இவர்களுக்கு மாத்திரம் அதனை மறுத்ததற்கு நியாயமான காரணம் காட்டப்படவில்லை என்றும், மதச்சுதந்திரமும் சமத்துவமும் மீறப்பட்டுள்ளன என்றும் 2005இல் அக்குழு கருத்துத் தெரிவித்தது.

ஒருவருக்குச் சலுகை, மற்றவருக்கு மறுப்பு. இதுவே நமது நாட்டின் மதச்சலுகை முறையின் மையக் குறைபாடாகும்.

இரு பக்க நியாயங்கள்

வரிவிலக்கை ஆதரிப்போரின் வாதங்கள் வலுவானவை. உண்டியலில் விழும் பணம், அடியவர் வரி செலுத்திய பின்னர் எஞ்சிய வருமானத்திலிருந்து வருவது. அதற்கு இரண்டாம் முறை ஏன் வரி என்பது முதல் வாதம். வரி விதிக்கும் அதிகாரம் வழிபாட்டைக் கட்டுப்படுத்தும் அதிகாரமாக மாறக்கூடும் என்பது இரண்டாவது. நியூயோர்க்கில் தேவாலயச் சொத்துகளுக்கு அளிக்கப்பட்ட வரிவிலக்கை 1970இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டபோது, வரி விதித்தால் அரசும் மதமும் ஒன்றிலொன்று மேலும் சிக்கிக்கொள்ளும் என்ற கருத்தையும் முன்வைத்தது.

மூன்றாவது வாதத்துக்கு நாமே சாட்சிகள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது, பள்ளிவாசல்களே அவர்களுக்கு முதல் நிழலாயின. மடுத் திருத்தலம் பல்லாயிரம் அகதிகளை ஆண்டுக்கணக்கில் தாங்கிற்று. 1987இல் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டபோது நல்லூர் வீதியில் மக்கள் தஞ்சமடைந்தனர். 1995 ஜூலையில் நவாலி தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர் மீது குண்டு வீழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2004 ஆழிப்பேரலையின்போது முதல் கஞ்சி காய்ச்சப்பட்டதும் வழிபாட்டிடங்களின் முற்றங்களிற்றான். அரசு இல்லாத இடத்தில் அரசின் கடமையைச் செய்தவற்றுக்கு அரசு ஒரு சிறு சலுகை காட்டுவது தவறாகாது.

எதிர்வாதங்களையும் இலகுவில் ஒதுக்கிவிட முடியாது. வரிவிலக்கு என்பது மறைமுகமான அரச செலவினமே. திறைசேரி கையில் எடுத்துக் கொடுக்காவிட்டாலும், வாங்காமல் விடுகின்றது. விட்ட இடத்தை மற்றவர்கள் நிரப்புகின்றனர். 2022இல் நமது வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 8 சதவீதத்தையும் எட்டவில்லை. நாடு கடனைச் செலுத்த முடியாது வீழ்ந்ததற்கு இந்தப் பலவீனமும் ஒரு காரணம். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்து, சமையல் எரிவாயுவுக்கும் விதிக்கப்பட்டது. ஏழையின் அடுப்பு வரி செலுத்தும்போது, வழிபாட்டிடத்துக்குச் சொந்தமான கடைத்தொகுதியின் வாடகையும் கல்யாண மண்டபத்தின் கட்டணமும் வரிக்கு அப்பால் நிற்க வேண்டுமா என்ற கேள்வி எழுவது இயல்பு. அருகிலேயே வரி செலுத்தி மண்டபம் நடத்தும் வர்த்தகருக்கு அது அநீதியும்கூட.

இவ்விரு நியாயங்களையும் ஒருசேர நோக்கினால் ஒரு விடயம் புலனாகும். ஆதரிப்போர் கூறுவன எல்லாம் வழிபாட்டையும் பொதுப்பணியையும் பற்றியவை. எதிர்ப்போர் கூறுவன பெரும்பாலும் வணிகத்தையும் மறைக்கப்பட்ட கணக்கையும் பற்றியவை. ஆகவே சலுகை வேண்டுமா, வேண்டாமா என்பதைவிட, எதற்குச் சலுகை என்பதே பொருத்தமான வினாவாகும்.

சலுகைக்கு விலை உண்டு

நமது சட்டத்தின் தாய்வீடான இங்கிலாந்து இது குறித்து மறுபரிசீலனை செய்துள்ளது. மதத்தை வளர்ப்பது பொதுநலனுக்கு உகந்ததே என்று அங்கு நெடுங்காலமாக ஊகிக்கப்பட்டு வந்தது. 2006ஆம் ஆண்டின் அறக்கொடைகள் சட்டம் அந்த ஊகத்தை நீக்கிற்று. மத நிறுவனமும் தன்னால் பொதுமக்களுக்கு விளையும் நன்மையைக் காட்ட வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அதனால் அங்கு மதச்சுதந்திரம் மறைந்துவிடவில்லை.

ஐக்கிய அமெரிக்காவில் பொப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் என்ற கிறிஸ்தவ நிறுவனம், வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த மாணவர்கள் தம்முள் காதல் உறவு கொள்வதைத் தடைசெய்திருந்தது. மதநம்பிக்கையே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. நீங்கள் விரும்பியதை நம்பலாம், ஆனால் இனப்பாகுபாட்டுக்குப் பொதுமக்களின் வரிச்சலுகையைக் கோர முடியாது என்பதே 1983இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் சாரம்.

இத்தீர்ப்பை வாசிக்கும் யாழ்ப்பாணத்தவருக்கு மாவிட்டபுரம் நினைவுக்கு வராமல் இராது. ஒடுக்கப்பட்ட மக்கள் வழிபட உள்ளே செல்வதைத் தடுத்து, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயில் மறிக்கப்பட்டது. வழிபாட்டிடத்தில் எவரையும் சாதியின் பெயரால் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. சட்டம் இருந்தும் மக்கள் போராடித்தான் உள்ளே செல்ல முடிந்தது. சோலைவரி செலுத்தாத கட்டடம், பொதுமக்களில் ஒரு பகுதியினருக்குக் கதவடைக்கலாமா? இக்கேள்வியை நாம் பிறரிடம் கேட்பதற்கு முன்னர் நம்மிடமே கேட்க வேண்டியவர்களாக உள்ளோம். அரைநூற்றாண்டு கடந்தும் சில ஆலயங்களில் தேர்வடம் பிடிப்பதிலும் உபயம் ஏற்பதிலும் இவ்வினா வேறு வடிவில் தொடர்கின்றது என்பதை மறைப்பதால் பயனில்லை.

சிறுபான்மையினரின் நலன் எங்குள்ளது?

தமிழ், முஸ்லிம் மக்களிடையே ஓர் அச்சம் நிலவுகின்றது. கணக்குக் காட்டுதல், பதிவு, கண்காணிப்பு என்ற சொற்கள் எழுந்தாலே, அவை நமக்கு எதிராகவே திருப்பப்படும் என்ற அச்சம் அது. இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 2008 ஒக்டோபரில் சமய அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சு வெளியிட்ட சுற்றுநிருபம் புதிய வழிபாட்டிடங்களுக்கு முன் அனுமதியை வேண்டிற்று. பின்னர் சிறிய கிறிஸ்தவ சபைகளின் கூட்டங்களை நிறுத்துவதற்கு உள்ளூர் அதிகாரிகளும் பொலிஸாரும் அச்சுற்றுநிருபத்தைக் காட்டினர். 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் பள்ளிவாசல்களில் நிகழ்த்தப்படும் பிரசங்கங்களின் பிரதிகளே கோரப்பட்டன. ஏனைய மதத்தவரிடம் அவ்வாறு கோரப்படவில்லை.

ஆனால் இந்த அனுபவங்களிலிருந்து பெற வேண்டிய முடிவு, கண்காணிப்பே வேண்டாம் என்பதாக இருக்க முடியாது. சுற்றுநிருபத்தாலும் அமைச்சரின் விருப்பத்தாலும் இயங்கும் ஒழுங்கே ஆபத்தானது. அமைச்சு பதிவு செய்தால் வரிவிலக்கு, செய்யாவிட்டால் இல்லை என்ற ஏற்பாட்டில், பதிவு மறுக்கப்படும் முதல் நிறுவனம் எதுவாக இருக்கும்? நகரின் புகழ்பெற்ற விகாரையாகவோ பெருங்கோயிலாகவோ அது இராது. மலையகத் தோட்டத்து லயத்தருகே உள்ள சிறு மாரியம்மன் கோயிலாகவும், மீள்குடியேறியவர்கள் தகரக் கொட்டிலில் நடத்தும் பள்ளிவாசலாகவும், வாடகை வீட்டில் கூடும் சிறு சபையாகவுமே அது இருக்கும். தயவாக அளிக்கப்படும் சலுகையில் வலியவனுக்கே முதலிடம். சட்டமாக எழுதப்பட்ட சலுகையில்தான் எளியவன் தன் பங்கைக் கேட்டுப் பெற முடியும்.

பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் அளிக்கும் 9ஆம் உறுப்புரையும் ஏனைய மதங்களின் உரிமைகளை உறுதிப்படுத்துவதாகவே எழுதப்பட்டுள்ளது. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்று 12ஆம் உறுப்புரை கூறுகின்றது. வரிச்சட்டத்தில் சமத்துவம் கோருவதற்கு அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றும் தேவையில்லை.

அத்தகைய சட்டத்தில் என்ன இருக்க வேண்டும்? வழிபாட்டிடம், நேர்த்தி, காணிக்கை, அன்னதானம், கல்வி, நோயாளர் பராமரிப்பு என்பவற்றுக்கு எல்லா மதங்களுக்கும் ஒரே அளவில் விலக்களிக்கப்பட வேண்டும். வாடகை, மண்டபம், கடை, முதலீடு ஆகியவற்றின் இலாபம் மற்றவர்களுடையது போன்று வரிக்குட்பட வேண்டும். அதில் பொதுப்பணிக்கெனச் செலவிட்டமை காட்டப்படும் பகுதிக்கு நிவாரணம் அளிக்கலாம். பதிவுக்கான தகுதிகள் சட்டத்திலேயே எழுதப்பட்டு, மறுப்பவர் காரணம் கூறவும், மறுக்கப்பட்டவர் நீதிமன்றம் செல்லவும் வழி இருக்க வேண்டும். வருமானத்தின் அளவுக்கேற்பக் கணக்கும் அமைய வேண்டும். சிறு கோயிலுக்கு ஒரு பக்கத்தில் வரவு செலவு போதும், பெரும் நிறுவனத்துக்குக் கணக்காய்வு அவசியம். சாதியாலோ இனத்தாலோ எவரையும் வெளியே நிறுத்தும் நிறுவனம் சலுகையை இழக்க வேண்டும். இவற்றுடன், இச்சலுகைகளால் திறைசேரி விட்டுக்கொடுக்கும் தொகை, நிதி அமைச்சு வெளியிடத் தொடங்கியுள்ள வரிச் செலவின அறிக்கையில் தெளிவாகக் காட்டப்பட வேண்டும்.

சட்டம் வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஆலயத்தின் ஆண்டு வரவு செலவை அறிவித்தற்பலகையில் ஒட்டுவதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவின் பின்னர் நம்பிக்கையாளர் சபை தன் கணக்கை வாசிப்பதற்கு எந்த வர்த்தமானியும் தேவையில்லை. இதனைப் பல பள்ளிவாசல்களும் சில ஆலயங்களும் ஏற்கனவே செய்து வருகின்றன. தானே திறந்து வைத்த கணக்கைக் காட்டி உரிமை கேட்பவனின் குரலுக்கு, கணக்கை மறைத்துக்கொண்டு சலுகை கேட்பவனின் குரலுக்கு இல்லாத வலிமை உண்டு.

சிவன் சொத்துக் குலநாசம் என்பது நமது ஊர்களின் பழமொழி. வக்பு சொத்தை முஸ்லிம் மக்கள் அமானிதம் என்று கருதுகின்றனர். நாளை மறுமையில் அதற்குக் கணக்குக் கூற வேண்டும் என்பது அவர்களின் நம்பிக்கை. கோயிலின் ஒரு பிடி மண்ணைத் தொடவும் அஞ்சிய மக்கள், அக்கோயில் நாட்டின் பொதுப்பணத்திலிருந்து பெறும் சலுகைக்கும் கணக்குக் கூறத் தயங்கலாகாது.